தாம்பரம் சென்னையா? பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே பெருநகரமாகும் விதம்

தாம்பரம் சென்னையில் இருக்கிறதா என்றால், யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அஞ்சல் துறையைக் கேட்டால் ஆமாம். பின்கோடு 600045, சென்னையின் வரிசைதான். தொலைபேசித் துறைக்கும் ஆமாம்; 044. (அந்த 044 காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும்கூட உண்டு என்பது வேறு கதை.) வருவாய்த் துறையிடம் போனால் அது செங்கல்பட்டு மாவட்டம். குடிநீர், குப்பை, சொத்து வரி என்று போனால் அது தனி மாநகராட்சி. காவல் துறையில் தனி ஆணையரகம். கட்டட அனுமதிக்கு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போனால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ., "எங்கள் எல்லைதான்" என்கிறது. கடற்கரை ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவரிடம் கேட்டால் கேள்வியே புரியாது.

இது யாரோ செய்த குளறுபடி அல்ல. தனித்தனியாக இருந்த ஊர்கள் ஒன்றாகச் சேரும்போது மூன்று காரியங்கள் மூன்று வேகத்தில் நடக்கின்றன. முதலில் ஆட்கள் சேர்கிறார்கள்: ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு இன்னோர் ஊரில் வேலைக்குப் போகிறார்கள். பிறகு நிலம் சேர்கிறது: நடுவில் இருந்த வயலும் ஏரிக்கரையும் மனையாகி, எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கடைசியில்தான் சட்டம் வந்து சேர்கிறது: எல்லை திருத்துவது, புது மாநகராட்சி, பொது ஆணையம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடிவிடும். புறநகர்வாசியின் அன்றாட எரிச்சல்களில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியில் விளைந்தவை.

எதை வைத்து "ஒரே ஊர்" என்கிறார்கள்?

இங்கிலாந்தில் நிலக்கரியும் ஆலைகளும் இருந்த பகுதிகளில் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்து, அதற்கு 'கானர்பேஷன்' என்று 1915-இல் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ். ஏறக்குறைய அதே சமயத்தில், 1914-15-இல், அவர் மதராஸ் மாகாணத்தில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தார். நகரமைப்பு படிக்கிறவர்களுக்கு இரண்டு வகையிலும் தெரிந்த பெயர்.

அளப்பதற்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டடம் கட்டடமாகத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று பார்ப்பது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த வழியில்தான் 'நகரத் திரள்' என்ற ஒன்றைக் கணக்கிடுகிறது. நடுவில் சட்டப்படி நகராட்சியோ மாநகராட்சியோ ஆன ஓர் ஊர் இருக்க வேண்டும். அதை ஒட்டி அடுத்த ஊர்களும், ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம் போன்ற புறவளர்ச்சிகளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இன்னொரு வழி, எத்தனை பேர் தினமும் போய்வருகிறார்கள் என்று எண்ணுவது. அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) குடியிருந்து வேலை பார்ப்பவர்களில் 25 விழுக்காட்டினராவது மையப் பகுதிக்கு வேலைக்குப் போனால் அந்தக் கவுண்டி அந்தப் பெருநகரப் பகுதியோடு சேர்த்து எண்ணப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவுகோலில் அது 15 விழுக்காடு.

இந்த வேறுபாடு சின்னதாகத் தோன்றினாலும் விளைவு பெரிது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் சென்னையின் தெருமுனைகளிலிருந்து கம்பெனி பஸ்கள் கிளம்புகின்றன. நடுவில் வெற்று நிலமும் ஏரிகளும் இருப்பதால், தொட்டுக்கொண்டு போகிறதா என்று பார்க்கும் கணக்கில் அந்த இடங்கள் வெளியே நின்றுவிடலாம். போய்வரும் ஆட்களை எண்ணினால் அவை எப்போதோ உள்ளே வந்துவிட்டன.

கணக்கெடுப்பில் இன்னொரு வகையும் உண்டு. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முழுநேர வேலையிலிருக்கும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத தொழிலில்: இந்த மூன்றும் இருந்தால் அது 'கணக்கெடுப்பு நகரம்'. (பெண்களின் வேலையை ஏன் எண்ணவில்லை என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி.) ஆனால் இந்தப் பட்டம் காகிதத்தோடு சரி. நிர்வாகம் கிராம ஊராட்சியாகவே தொடரும். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், வேங்கைவாசல் போன்ற இடங்கள் அடுக்குமாடிகள் நிறைந்த பிறகும் நெடுங்காலம் ஊராட்சிகளாகவே இருந்ததற்கு இதுதான் காரணம். ஐந்து மாடிக் கட்டடத்தின் கழிவுநீருக்குப் பொறுப்பு, சில ஊழியர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் ஓர் ஊராட்சி அலுவலகம்.

சென்னை எப்படி ஒட்டிக்கொண்டது

சென்னை என்று நாம் சொல்வதே பல ஊர்களின் சேர்க்கைதான். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் கோயிலும் தெருவுமாகத் தழைத்திருந்தவை. எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-இல் கம்பெனி கைக்கு வந்தன. சாந்தோம், மயிலாப்பூர் பகுதி 1749-இல். கடைக்குட்டியான கோட்டைதான் மூத்த ஊர்களையெல்லாம் தன் பெயருக்குள் இழுத்துக்கொண்டது. இப்போது ஆவடியிலும் தாம்பரத்திலும் நடப்பது அதன் அடுத்த சுற்று.

இந்தச் சுற்றைத் தொடங்கி வைத்தது ரயில். ராயபுரத்திலிருந்து மேற்கே 1856-இல் தண்டவாளம் போனது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. மின்சார ரயில் வருவதற்குச் சற்று முன்னால், 1928-இல், தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனை ஒன்று அமைந்தது. நோயாளிகளுக்குத் தூய காற்று வேண்டும், ஊர் இரைச்சல் ஆகாது என்றுதான் இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு நகரத்தை விட்டு எட்டத்தில் இடம் பார்த்தார்கள். அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றுதான் பெயர். அங்கே இறங்கி நின்று பார்த்தால் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையின் லாரி ஹாரன்களுக்கு நடுவே தூய காற்றைத் தேட வேண்டியிருக்கும்.

ரயில் தரும் வளர்ச்சிக்கு ஒரு வடிவம் உண்டு. நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்துக்குள், சுமார் ஒரு கிலோமீட்டரில், வீடுகள் நெருங்கும், அதற்கப்பால் வயல். அதனால் நகரம் விரித்த கைவிரல்களைப் போல நீள்கிறது: தெற்கே தாம்பரம் விரல், மேற்கே ஆவடி விரல், வடக்கே எண்ணூர் விரல். விரல்களுக்கு இடையே வெறும் நிலம்.

அடுத்து ஆலைகள். சுதந்திரத்துக்குப் பிந்தைய இருபது சொச்சம் ஆண்டுகளில் எண்ணூரில் மோட்டார் வண்டி, பெரம்பூரில் ரயில் பெட்டி, கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு என்று ஒவ்வொன்றும் நகர எல்லைக்கு ஓரத்திலோ வெளியிலோ போய் அமர்ந்தன. நிலம் மலிவு, நெடுஞ்சாலையும் ரயிலும் பக்கம். ஆலை வந்ததும் சுற்றிலும் வாடகை வீடு, மெஸ், சந்தை, பள்ளி. இதில் ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. அதுவரை எல்லோரும் காலையில் சென்னைக்குள் போய் மாலையில் திரும்பினார்கள். ஆலைகள் வந்த பிறகு எதிர்த்திசையிலும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். எதிர்த்திசை ரயிலிலும் கூட்டம் தெரிகிறதென்றால், அந்த ஊர் வெறும் படுக்கையறைப் புறநகராக இல்லாமல் தானே ஒரு மையமாகிவிட்டது என்று பொருள். 2000-இல் தரமணியில் தகவல் தொழில்நுட்ப வளாகமான டைடல் பூங்கா திறந்த பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், 1990-களின் பின்பாதியில் கார் தொழிற்சாலைகள் வந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும், இது இன்னும் பெரிய அளவில் நடந்தது.

மூன்றாவதாக வட்டச் சாலைகள். விரல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பியவை இவைதான். பெருங்களத்தூர்ப் பக்கமிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை பைபாஸ், 32 கிலோமீட்டர். அதற்கு வெளியே வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, 62 கிலோமீட்டர். இவற்றின் நோக்கம், ஊருக்குள் வரத் தேவையில்லாத லாரிகளை வெளியிலேயே திருப்பிவிடுவது. நடப்பது வேறு. சாலை திறந்த மாதமே இரண்டு பக்கமும் மனை விளம்பரப் பலகை நட்டுவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் வெளிவட்டம் உள்வட்டமாகிவிடுகிறது. பிறகு இன்னும் வெளியே இன்னொரு வட்டம் தேவைப்படுகிறது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் புறவட்டச் சாலைப் பணி அந்த அடுத்த வட்டம்தான்.

நிலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக நிரம்புவதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம், பரங்கிமலை - பல்லாவரம் ராணுவ நிலம், நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகள், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான கட்டுப்பாடு ஆகியவை நடுநடுவே இடைவெளி விட்டிருக்கின்றன. இல்லாவிட்டால் அந்த இடங்களும் எப்போதோ நிரம்பியிருக்கும்.

எண்களில் இது எப்படித் தெரிகிறது? 2001-இல் பழைய மாநகராட்சி எல்லைக்குள் 43.4 லட்சம் பேர். 2011-இல் 46.5 லட்சம். பத்தாண்டில் வெறும் 7 விழுக்காடு. அதே பத்தாண்டில் சென்னை நகரத் திரள் 65.6 லட்சத்திலிருந்து 86.5 லட்சமாகியது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், மாநகராட்சிக்கு வெளியே இருந்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சத்திலிருந்து 40 லட்சம். அவசரப்பட்டு இதை "புறநகர் 80 விழுக்காடு வளர்ந்தது" என்று எழுதிவிடக் கூடாது. பத்தாண்டுகளுக்கு இடையில் திரளின் எல்லையே விரிந்திருக்கும். முன்பே அங்கிருந்தவர்கள் புதிதாக உள்ளே எண்ணப்பட்டிருப்பார்கள். பெருநகர வளர்ச்சி பற்றிய செய்திகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு ஆண்டுக்கும் பரப்பளவு ஒன்றுதானா என்பது. அதைச் சரிசெய்த பிறகும், மையம் தேங்கி விளிம்பு பெருக்கிறது என்ற அடிப்படை மாறாது.

ஓடும் நீரின் வழியே ஒரு நடை

சட்டம் பின்தங்கினால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு நீர்ப்பாதையில் பார்த்துவிடலாம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் கால்வாய் வழியாக நாராயணபுரம் ஏரிக்கு வரும். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம். சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அடியில் நுழைந்து பக்கிங்காம் கால்வாய். அதன் வழியே தெற்கே முட்டுக்காடு பக்கம் கடல்.

இப்போது இதே பாதையில் பொறுப்பு யாருடையது என்று பாருங்கள். கீழ்க்கட்டளை முன்பு பல்லாவரம் நகராட்சி, இப்போது தாம்பரம் மாநகராட்சி. நாராயணபுரமும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி. சதுப்பில் காப்புக்காடாக அறிவித்த பகுதி வனத்துறை. ஏரிக்கரையும் மதகும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறை. தெருவோர மழைநீர் வடிகால் அந்தந்த மாநகராட்சி; பெரிய சாலைகளின் ஓரத்தில் நெடுஞ்சாலைத் துறை. மேல்புறத்து ஊர் தன் தெருவில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று அகலமான வடிகால் கட்டினால், அது கீழ்ப்புறத்து ஊருக்கு இன்னும் வேகமாகத் தண்ணீரை அனுப்பும் வேலை. கீழ்ப்புறத்து வடிகால் பழைய அளவிலேயே இருந்தால் வெள்ளம் இடம் மாறுமே தவிரக் குறையாது. இரண்டு வடிகாலின் அடிமட்டமும் ஒரே அளவுக் குறியிலிருந்து கணக்கிடப்படாவிட்டால் எல்லையில் படி விழும். மேல் வடிகாலின் அடி தாழ்ந்தும் கீழ் வடிகாலின் அடி உயர்ந்தும் அமைந்துவிட்டால், கான்கிரீட் போட்ட புத்தம்புது வடிகாலிலேயே தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்கும்.

குப்பையும் இதே பாதையில்தான் போயிற்று. பெருங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே சென்னை மாநகராட்சியின் குப்பை அங்கே சதுப்பின் ஓரத்தில் கொட்டப்பட்டது. வேண்டாததைத் தள்ள எல்லைக்கு வெளியே ஓர் இடம். பெருநகரங்கள் உலகெங்கும் செய்வது. அந்தக் கொட்டும் இடத்தைச் சுற்றியும் நகரம் வளர்ந்து, 2011-இல் பெருங்குடியே சென்னைக்குள் வந்துவிட்டது.

ஒட்டாத தெருக்கள்

நிலம் சேரும்போது தெருக்கள் சேர்வதில்லை. புறநகரில் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்: 30 அடிச் சாலை நேராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகர், இன்னொரு சாலை. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குக் காகம் பறந்தால் 20 மீட்டர். ஆட்டோவில் போனால் முக்கால் கிலோமீட்டர் சுற்று.

காரணம் எளிது. மனைப் பிரிவு போடுகிறவர் தன் கையிலுள்ள சர்வே எண்களுக்குள் மட்டும் தெரு வரைகிறார். வயலாக இருந்தபோது பங்காளிகள் பிரித்துக்கொண்ட பாகம்தான் இன்றைய லே-அவுட்டின் வடிவம். வரப்பு இருந்த இடத்தில் சுவர். பக்கத்து நிலம் பத்து வருடம் கழித்து வேறொருவரால் மனையாகும்; அவர் தெருவை வேறு கோணத்தில் வரைவார். இதைத் தடுக்க வேண்டியது, மனை பிரிப்பதற்கு முன்பே முதன்மைச் சாலைகளைக் குறித்து நிலத்தைப் பாதுகாக்கும் விரிவான வளர்ச்சித் திட்டம். விளிம்புப் பகுதிகளில் அது வருவதற்குள் மனை விற்றுத் தீர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அங்கீகாரமே இல்லாத மனைப் பிரிவுகள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. வரன்முறை செய்தால் மனைக்குச் சட்டத் தகுதி கிடைக்கும். முட்டி நிற்கும் தெரு திறக்காது.

திறந்தவெளி ஒதுக்கீடும் இப்படித்தான். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கு விட வேண்டும்; 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். நிலத்தை 3,000-க்குக் கீழே துண்டாக்கித் தனித்தனியாக விண்ணப்பித்தால்? ஒரு பூங்காவும் வராது. நான்கு நகர் சேர்ந்தாலும் பிள்ளைகள் விளையாட இடமில்லாத பகுதிகள் இப்படி உருவானவை.

சட்டம் என்ன செய்யலாம்

ஊர்கள் ஒன்றான பிறகு நிர்வாகத்தைச் சேர்க்க நாலு வழிகள் உண்டு. சென்னை ஏறத்தாழ எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் முயன்றிருக்கிறது.

விழுங்குவது முதல் வழி. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், மதுரவாயல் உள்ளிட்ட 9 நகராட்சிகள், போரூர், பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் உள்ளிட்ட 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள் ஒரே நாளில் கலைந்தன. ஒரே பொறியாளர் குழு, ஒரே வரி முறை, பெரிய நிதி என்பது ஆதாயம். இழப்பும் உண்டு. ஊராட்சியில் தலைவரை வீட்டு வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். சென்னையில் 200 வார்டு; சுமார் 67 லட்சம் பேரை வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு 33,000-க்கு மேல். கிராம ஊராட்சி நகர்ப்புறமானால், மக்கள் '100 நாள் வேலை' என்று சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்டமும் போய்விடும். பக்கத்துக் கிராமங்கள் இணைப்பை எதிர்த்து மறியல் செய்யும்போது, நகரத்து வாசகர்களுக்கு அது பிற்போக்காகத் தெரிகிறது. நிலமில்லாத ஒரு வீட்டுக்கு அந்தக் கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டால் அப்படித் தெரியாது.

இரண்டாவது, தனித்தனியாகவே வளர விடுவது. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. தாம்பரம் 2021-இல், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு. இதைச் சரியான திசை என்றே சொல்லலாம். 426 சதுர கிலோமீட்டரையே சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையிலிருந்து ஆள்வது கடினம். ஆனால் மாநகராட்சிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது எல்லைக்கோட்டு வேலைகளுக்கு மேலே ஓர் ஆள் வேண்டும்.

அதற்காக வந்தது மூன்றாவது வழி: பொதுவான திட்டமிடல் அமைப்பு. சி.எம்.டி.ஏ. 1972-இல் தற்காலிகமாகத் தொடங்கி 1974-இல் சட்டபூர்வ அமைப்பானது. எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். முதல் முதன்மைத் திட்டத்தில் மறைமலைநகர், மணலி போன்ற துணை நகரங்கள் வந்தன. இரண்டாவது முதன்மைத் திட்டம் 2008-இல். 2022 அக்டோபரில் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. அரக்கோணம் பக்கம்வரை போகிறது. இந்த அமைப்பின் வரம்பைப் புரிந்துகொள்வது முக்கியம்: இது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும், கட்டட அனுமதி தரும். வடிகால் வெட்டாது, பஸ் ஓட்டாது, குழாய் போடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பேசுவதற்கான மன்றமும் அல்ல. அந்த மன்றத்தை அரசமைப்புச் சட்டமே கேட்கிறது: 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின்படி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெருநகரப் பகுதிக்குத் திட்டக் குழு ஒன்று வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளாட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நாட்டின் பெரும்பாலான பெருநகரங்களில் அந்தக் குழு இல்லை, அல்லது பெயரளவில் இருக்கிறது. மாநில அரசுகளுக்கு அந்த அதிகாரத்தைக் கைவிட மனம் வருவதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் சொல்ல முடியாது.

நான்காவது, ஒரே ஒரு சேவையை மட்டும் எல்லை தாண்டி இணைப்பது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். நடுவில் போன பன்னிரண்டு ஆண்டில் மெட்ரோவே ஓடத் தொடங்கிவிட்டது. 2025-இல் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் தரும் 'சென்னை ஒன்' செயலி வந்தது இந்தக் குழுமத்தின் வேலை. இணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் பாடம். 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர்ப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை எதிரிலேயே போகிறது. ஆனால் அன்று அங்கே நிலையம் இல்லை. முனையம் கட்டியது சி.எம்.டி.ஏ., ரயில் பாதை தென்னக ரயில்வே, நகரப் பஸ் எம்.டி.சி. அதிகாலையில் மூட்டையோடு இறங்கியவர்கள் ரயிலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ நிற்க வேண்டியதாயிற்று.

பணத்தைச் சேர்ப்பது என்று இன்னொன்று இருக்கிறது. அதை இங்கே யாரும் தொடுவதில்லை. தொழிற்சாலை ஓர் உள்ளாட்சியில், தொழிலாளி குடியிருப்பது அடுத்த உள்ளாட்சியில். வரி முதலாவதற்கு, குப்பையும் சாக்கடையும் இரண்டாவதற்கு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சேர்ந்த ஏழு கவுண்டிகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குப் பின் வணிக, தொழில் சொத்துகளின் வரி மதிப்பில் கூடும் வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்புக்குப் போகும். வசதி குறைந்த ஊர்களுக்கு அதிகமாகப் பிரிக்கப்படும். ஆலையைத் தன் பக்கம் இழுக்க ஊர்கள் அடித்துக்கொள்வது இதனால் குறைகிறது.

எல்லைக்கோடு மாநிலங்களுக்கு இடையே விழுந்தால் மேற்சொன்ன நான்கில் எதுவும் எளிதல்ல. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். நடுவில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடி. 2025 ஆகஸ்ட்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் அதே சாலையில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஆட்கள் சேர்ந்தாயிற்று, நிலமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஓசூரை பெங்களூருவின் திட்டப் பகுதியில் சேர்க்க எந்த மாநிலச் சட்டத்தாலும் முடியாது. டெல்லிக்கு இப்படிப்பட்ட நிலை வந்தபோது 1985-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, அரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் மூன்றையும் ஒப்புக்கொள்ள வைத்துத் தலைநகர் வட்டார வாரியத்தை அமைத்தது.

விளிம்பில் மனை வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

இதையெல்லாம் படிப்பவர்களில் பாதிப் பேர் எங்கேனும் ஒரு வளரும் ஊரின் ஓரத்தில் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்களாக இருப்பார்கள் என்பதால், சில நடைமுறைக் குறிப்புகள்.

எந்த உள்ளாட்சி என்பதை விளம்பரத்தில் உள்ள பெயரை வைத்து முடிவுசெய்யாதீர்கள், பின்கோடும் உதவாது. பக்கத்து வீட்டுச் சொத்து வரி ரசீதில் உள்ள பெயர்தான் உண்மை. அங்கீகாரம் சி.எம்.டி.ஏ.வா, நகர் ஊரமைப்பு இயக்ககமா (மக்கள் சொல்வது டி.டி.சி.பி.) என்று எண்ணோடு கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் மனைப் பிரிவுக்கு அனுமதி ஆகாது. எல்லை விரிந்திருக்கும் பகுதிகளில் இப்போது எந்த அலுவலகம் அனுமதி தருகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன் நேரில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மனையின் பட்டாவோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள சர்வே எண்களின் எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவை வரைபடத்தையும், நிலத்தின் வகையும் உரிமையும் பதிந்த அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று வகைப்படுத்தியது பக்கத்தில் இருந்தால், இன்று அங்கே சிமென்ட் சாலை இருந்தாலும் மழைக்காலத்தில் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடி வரும். லே-அவுட் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்துவிட்டார்களா என்பதும் முக்கியம். ஒப்படைக்காத சாலையில் தார் போடவும் விளக்கு வைக்கவும் உள்ளாட்சிக்குக் கடமை இல்லை. பிறகு சாலை எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். சுவரில் முடிந்தால் அது சாலை அல்ல, சந்து.

குடிநீர் வாரியக் குழாய் அந்தத் தெருவில் இருக்கிறதா, வரும் என்று சொல்கிறார்களா என்பவை வேறு வேறு. மாநகராட்சி எல்லைக்குள் வந்து பல ஆண்டுகளான பகுதிகளிலும் பாதாளச் சாக்கடை முழுதாக வந்து சேராத தெருக்கள் உண்டு. அங்கே செப்டிக் டேங்க் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு, அந்தத் தொகையை வீட்டுக் கடன் தவணையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.